ஏ.ஆர். காப்பியில் என் மகளுக்குப் பெயர் இல்லை

2025 பொங்கல் லீவு முடிந்து சென்னைக்குத் திரும்பும் வழியில் என் மகளுக்குக் கார் விபத்து. அவளுக்கு அப்போது 24 வயது, சென்னையில் சாஃப்ட்வேர் வேலை. எனக்குக் கும்பகோணம், ஒரு தனியார் பள்ளி ஆபீசில் கிளார்க். அவள் அப்பா இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. கோயம்புத்தூரில் இருக்கும் என் தம்பி வந்து வந்து போனதைத் தவிர மற்ற அலைச்சல் எல்லாம் என் தலையில்தான். அந்தச் சமயத்தில் எனக்கு ஆறுதல் சொல்ல எத்தனையோ பேர் வந்தார்கள். "இந்தக் காகிதத்தை இன்றைக்கே வாங்கி வை" என்று சொல்ல ஒருத்தரும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லீவு முடியும் நாளில் அரசு பஸ்ஸில் சீட் கிடையாது, ஆம்னி பஸ்காரர்கள் கேட்ட விலைக்கு ஒரு பட்டுப்புடவை எடுத்துவிடலாம். அவளோடு வேலை பார்க்கும் பாபநாசத்துப் பையன் தன் தங்கையையும் இன்னொரு தோழியையும் காரில் கூட்டிப் போவதாகச் சொன்னான், இவளும் ஏறிக்கொண்டாள். அணைக்கரை, சேத்தியாத்தோப்பு, பண்ருட்டி என்று போய் விக்கிரவாண்டியில் ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடித்து, திண்டிவனமும் தாண்டிவிட்டார்கள். அதற்கு அந்தப் பக்கம் ரோட்டின் இடது ஓரத்தில் பஞ்சராகி ஒரு லாரி நின்றிருக்கிறது. பார்க்கிங் லைட் இல்லை, பின்னால் ரிஃப்ளெக்டர் இல்லை, அடையாளத்துக்கு ஒரு மரக்கிளையை ஒடித்துப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். முன்சீட்டில் பெல்ட் போட்டிருந்த இரண்டு பேருக்கும் ஏர்பேக் விரிந்தது. பையனுக்கு மணிக்கட்டு முறிவு, தங்கைக்கு விலா எலும்பு. பின்சீட்டில் இருந்த தோழிக்குக் காறை எலும்பு. பெல்ட் போடாமல் தூங்கிக்கொண்டிருந்த என் மகளுக்கு மண்டைக்குள் ரத்தக் கசிவு, வலது தொடை எலும்பு முறிவு. 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பின்சீட்டில் பெல்ட் போடாமல் கார் விபத்தில் இறந்தபோது பின்சீட் பெல்ட்டைப் பற்றி நாடே பேசியது, அப்புறம் எல்லாரும் மறந்தாயிற்று.

எனக்கு போன் வந்தது நடுராத்திரி தாண்டி. பக்கத்து வீட்டுக்காரர் தன் காரை எடுத்தார், ஆனால் அவர் ஓட்டவில்லை, தெருவில் இருக்கும் ஒரு டிரைவர் தம்பியை எழுப்பிக் கூட்டி வந்தார். அந்த நேரத்தில் அது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. இப்போது நினைத்தால் அவர்தான் முதல் நல்ல காரியம் செய்தவர். இப்படிச் செய்தி கேட்டுப் பதறி ஓடுகிறவர்கள் ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது. போகிற வழியில் நானும் ஒரு வேலை செய்தேன், தெரிந்து செய்ததில்லை, கைக்கு ஏதாவது வேலை வேண்டுமென்று செய்தது: அவளுடைய ஆதார் போட்டோவை என் போனில் தேடி எடுத்து வைத்தேன். ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

108 ஆம்புலன்ஸ் அவளை நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தது. விபத்துக்காரர்களுக்கு என்றே அங்கே தனிப் பிரிவு இருக்கிறது. வந்த உடனே யாருக்கு எவ்வளவு ஆபத்து என்று பார்த்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்துவிடுகிறார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் சி.டி. ஸ்கேன் எடுத்து, மூச்சுக்குழாய் போட்டு, மண்டை ஓட்டில் ஒரு பகுதியைக் கழற்றி ரத்தக் கட்டியை எடுக்கும் ஆபரேஷனையே தொடங்கிவிட்டார்கள். கையெழுத்துப் போட ஆள் வரட்டும் என்று காத்திருக்கவில்லை, இரண்டு டாக்டர்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டு உள்ளே கொண்டுபோனார்களாம். 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கிறது. வருமானம் கேட்பதில்லை, எந்த ஊர் என்றும் கேட்பதில்லை. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் உண்டு. 2025 மே முதல் மத்திய அரசும் ஏழு நாள், 1.5 லட்சம் ரூபாய் வரை என்று ஒரு திட்டம் கொண்டுவந்திருக்கிறது. ராத்திரி நேரத்தில் யாராவது கவுன்டரில் உட்கார்ந்துகொண்டு "முதலில் பணம் கட்டுங்கள்" என்றால் இந்த இரண்டு திட்டத்தையும் சொல்லுங்கள். என் மகள் உயிரோடு இருப்பதற்குக் காரணமான ஆபரேஷனுக்கு நான் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. கொடுத்த பணமெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

உள்ளே விட்டபோது தலையில் கட்டு, வாயில் குழாய், முகம் வீங்கி யாரோ மாதிரி இருந்தாள். அதைவிட என்னைக் கலங்க வைத்தது அடிவயிற்றில் ஒரு புதுத் தையல். வயிற்றில் எப்படி அடிபட்டது என்று நர்ஸிடம் கேட்டேன். "அது அடி இல்லம்மா, தலையில எடுத்த எலும்ப அங்கதான் பத்திரமா வச்சிருக்காங்க, வீக்கம் வத்தினதும் திரும்ப எடுத்து வைப்பாங்க" என்றார். அப்புறம் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொடுத்தார். உள்ளே அவள் பின்னல், ரப்பர் பேண்டோடு அப்படியே. இடுப்பு வரை இருந்த முடி. அந்தக் கவரை வாங்கிக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் கைப்பையில் மடித்து வைத்தேன், நீண்ட நாள் அது அங்கேயேதான் கிடந்தது.

டாக்டர்கள் காலையில் ஒரு தடவை வந்து இரண்டு நிமிடம் பேசுவார்கள். "எப்படி இருக்கா டாக்டர்" என்று கேட்டால் "பார்க்கலாம்மா" என்றுதான் பதில் வரும். பக்கத்து பெட்காரரின் மனைவி ஒருவர் எனக்குக் கற்றுக்கொடுத்தார்: ஜி.சி.எஸ். எவ்வளவு என்று கேளுங்கள். கண் திறப்பது, பேசுவது, கை கால் அசைப்பது மூன்றையும் வைத்துப் போடும் மார்க் அது. குறைந்தது 3, முழுசாக நினைவு இருந்தால் 15. தினமும் அந்த எண்ணை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். அதே நோட்டில் எந்த மருந்து மாறியது, எந்த டாக்டர் என்ன சொன்னார், யாரிடம் எவ்வளவு பணம் வாங்கினேன் எல்லாம். அந்த நோட்டு இன்றைக்கு வக்கீலிடம் இருக்கிறது.

இப்போது காகிதம். விபத்துக் கேஸ் வந்தால் கேஷுவால்டியில் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் ஒரு பதிவு போடுவார்கள், அதன் நகல்தான் ஏ.ஆர். காப்பி. எந்த நேரம், எந்த இடம், எந்த வண்டி, யார் கொண்டுவந்தது, என்னென்ன காயம் என்று எல்லாம் அதில் இருக்கும். இன்சூரன்ஸ், போலீஸ், கோர்ட் மூன்றுக்கும் அதுதான் ஆணிவேர். என் மகளின் கைப்பை காருக்குள்ளேயே மாட்டிக்கொண்டது, கூட வந்தவர்கள் வேறு ஆம்புலன்ஸில், இவளுக்கு நினைவில்லை. அதனால் அவள் ஏ.ஆர். காப்பியில் பெயர் இருந்த இடத்தில் 'அடையாளம் தெரியாத பெண், வயது சுமார் 25' என்று இருந்தது. யாரையும் குறை சொல்ல முடியாது, அவர்கள் பெயருக்காகக் காத்திருந்தால் பிள்ளை போயிருக்கும். ஆனால் பெயர் இல்லாத அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. பள்ளி ஆபீசில் மற்றவர் பிள்ளைகளின் டி.சி.யில் எழுத்துப்பிழை திருத்தியே காலம் ஓட்டியவள் நான், எனக்கே ஆர்.எம்.ஓ. என்றால் யார் என்று அப்போதுதான் தெரியும். மருத்துவமனையின் ரெசிடென்ட் மெடிக்கல் ஆபீசர். அவரிடம் ஆதார் நகலும், அடையாளம் தெரியாதவராகச் சேர்ந்தவர் இன்னார்தான் என்று போலீஸ் ஸ்டேஷன் கொடுத்த கடிதமும் வைத்து மனு கொடுத்தால் திருத்தித் தருவார்கள். ஆதார் போட்டோ கையில் இருந்ததால் முதல் நாளே கேஸ் ஷீட்டில், அதாவது வார்டில் சிகிச்சை விவரம் எழுதும் தாளில், பெயர் ஏறிவிட்டது. ஆனால் ரிஜிஸ்டர் வேறு, கேஸ் ஷீட் வேறு. நீங்கள் போனதும் இரண்டிலும் பெயர், வயது, வண்டி விவரம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். எனக்குப் பிறகு வந்த ஒருவருக்குக் கார் என்பதற்குப் பதில் டூவீலர் என்று எழுதியிருந்தது, அது இன்னும் பெரிய தலைவலி.

ஐசியூ வாசலில் உட்கார்ந்து அழுவதற்கு எல்லா அம்மாவுக்கும் உரிமை உண்டு. ஆனால் அந்த முதல் வாரத்தில்தான் அடுத்த இரண்டு வருடத்தைத் தீர்மானிக்கும் காகிதங்கள் எல்லாம் எழுதப்படுகின்றன. நீங்கள் உட்கார்ந்தால் வேறு யாராவது ஒருவரை அதற்கென்று விடுங்கள். என் தம்பி மறுநாளே விபத்து நடந்த இடத்துக்குப் போனான். லாரி விடிவதற்குள் டயர் மாற்றிக்கொண்டு போய்விட்டது. மரக்கிளை மட்டும் கிடந்தது, அதையும் ரோட்டோரத்தையும் போட்டோ எடுத்தான். லாரி நம்பர் கிடைத்ததே ஒரு புண்ணியவானால்தான். பின்னால் வந்த காரில் இருந்தவர் இறங்கி உதவி செய்யும்போது போனில் போட்டோ எடுத்திருக்கிறார், அதில் நம்பர் பிளேட் தெளிவாக இருந்தது. அவருக்கும் போலீஸ் தொந்தரவு வருமோ என்று பயம். 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்று சேர்த்திருக்கிறார்கள், உதவி செய்தவரைச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது, விருப்பம் இருந்தால் சொல்லலாம். அதைச் சொன்ன பிறகுதான் போட்டோவை அனுப்பினார்.

எஃப்.ஐ.ஆர். கதை தனி. கையில் கட்டோடு இருந்த பையனிடம் வாக்குமூலம் வாங்கியிருக்கிறார்கள், அவன் பயத்தில் "நான்தான் வேகமாக வந்து மோதிவிட்டேன்" என்று சொல்லியிருக்கிறான். லாரி லைட் இல்லாமல் நின்றது அதில் ஒரு வரி கூட இல்லை. ஸ்டேஷன் ரைட்டர் "கேஸ் முடிஞ்சுதும்மா, பையன் ஒத்துக்கிட்டான்" என்றார். ஏட்டையா ஒருவர்தான் வெளியே டீக்கடையில் வைத்து, போட்டோவோடு ஒரு மனு எழுதிக் கொடுங்கள், ஆபத்தான இடத்தில் வண்டியை நிறுத்தியதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் 122-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது, அதையும் விசாரிக்க வேண்டியிருக்கும் என்றார். கொடுத்தோம், சேர்த்தார்கள். எஃப்.ஐ.ஆரைத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம், ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டாம். கூடவே வேண்டியவை: இடத்தின் வரைபடம், போலீஸ் இடத்தைப் பார்த்துச் சாட்சிகளின் கையெழுத்தோடு எழுதும் மகஜர், பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்த்துக் கொடுக்கும் ரிப்போர்ட், பின்னால் மருத்துவமனை கொடுக்கும் காயச் சான்றிதழ்.

இரண்டு நாள் கழிந்ததும் சொந்தக்காரர்கள் ஆரம்பித்தார்கள், "ஜி.எச்.ல எதுக்கு வச்சிருக்க, சென்னைக்கு மாத்து" என்று. கம்பெனி இன்சூரன்ஸ் 5 லட்சம் இருந்தது, மாற்றினோம். அது சரியான முடிவா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தொற்று வராமல் தப்பித்தாள் என்று சிலர் சொல்கிறார்கள், அங்கேயே இருந்தாலும் தேறியிருப்பாள் என்று இன்னொரு டாக்டர் சொன்னார். மாற்றுவதாக இருந்தால் ஒன்று: போகும் இடத்தில் வென்டிலேட்டர் பெட் உங்கள் பெயரில் பிடித்து வைத்திருக்கிறார்களா என்று, பி.ஆர்.ஓ.விடம் கேட்டதோடு விடாமல், ஐசியூ டாக்டரிடம் போனில் பேசி உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள். ஆபரேஷன் குறிப்பு, சி.டி. ஃபிலிம் கையில் இருக்க வேண்டும்.

சென்னை மருத்துவமனையில் மொத்த பில் ஏறக்குறைய 14 லட்சம். இன்சூரன்ஸ் 5. மீதி ஒன்பதில் நகைக்கடன் நாலரை, தம்பி கொடுத்தது இரண்டு, அவள் ஆபீஸ் நண்பர்கள் வசூலித்துக் கொடுத்தது ஒன்று, என் சேமிப்பு ஒன்றரை. அடகு வைத்தது அவள் கல்யாணத்துக்கென்று அவள் அப்பா சேர்த்த நகை. வட்டி இன்னும் ஓடுகிறது. இன்சூரன்ஸ் பணம்கூட லேசில் வரவில்லை. ஏ.ஆர். காப்பியில் பெயர் இல்லாததால் கேஷ்லெஸ் அப்ரூவல் நின்றது, அது வரும்வரை இரண்டு லட்சம் டெபாசிட் கட்டு என்றார்கள். கார் ஓட்டாத பெண் குடித்திருந்தாளா இல்லையா என்று டாக்டரிடம் சர்டிபிகேட் கேட்டார்கள். அதைக் கேட்ட அன்று, இன்சூரன்ஸ் கம்பெனிக்காக க்ளெய்மைக் கவனிக்கும் டி.பி.ஏ. கவுன்டரில் நான் கத்திவிட்டேன். கத்தினதில் ஒன்றும் நடக்கவில்லை, அவள் ஆபீஸ் எச்.ஆர். பெண் ஒரு மெயில் போட்டதும் நடந்தது. கம்பெனி இன்சூரன்ஸ் என்றால் எச்.ஆரை முதல் நாளிலேயே பிடித்துக்கொள்ளுங்கள்.

ரூம் வாடகை விஷயம் பலருக்குத் தெரியாது. எங்கள் பாலிசியில் சாதாரண அறைக்கு ஒரு நாளைக்கு 5,000 ரூபாய்தான் வரம்பு. ஐசியூவிலிருந்து வெளியே வந்தபோது 8,500 ரூபாய் அறையில் போட்டார்கள், "டிஃபரன்ஸ் மட்டும் கட்டினால் போதும்" என்று சொன்னார்கள். வாடகை வித்தியாசத்தோடு நிற்காது. அறை விலை கூடினால் டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் சார்ஜ் எல்லாவற்றிலும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். பில்லைப் பிரித்துப் பார்த்த தம்பிதான் கண்டுபிடித்தான், மறுநாளே ஷேரிங் ரூமுக்கு மாறினோம். க்ளவுஸ், டயப்பர், மாஸ்க் மாதிரிச் சில்லறைச் சாமான்களுக்கும் பெரும்பாலும் இன்சூரன்ஸ் கிடையாது. வெளியில் வாங்க விடுவார்களா என்று கேளுங்கள். இன்னொன்று, பல குடும்ப பாலிசிகளில் பிள்ளைகள் 25 வயதோடு தானாக வெளியே போய்விடுவார்கள். வேலையில் இல்லாத 26 வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால் இன்றைக்கே பாலிசியை எடுத்துப் பாருங்கள்.

அவளுடைய போன் உடையாமல் கிடைத்தது, ஆனால் லாக். சம்பளக் கணக்கு, பி.எஃப்., கிரெடிட் கார்டு எல்லாமே ஓ.டி.பி.யில்தான். அவள் பணம் அவள் சிகிச்சைக்கு உதவாமல் பாங்கில் கிடந்தது. நாமினி என்பது இறந்தால்தான் செல்லும், உயிரோடு நினைவில்லாமல் இருப்பவருக்கு இல்லை. கோமாவில் இருப்பவரின் கணக்கை இயக்க ஹைகோர்ட்டில் போய் கார்டியன் உத்தரவு வாங்க வேண்டும் என்று பாங்க் மேனேஜர் சொன்னார். வேலைக்குப் போகும் பிள்ளையிடம் ஒரு கணக்காவது உங்களோடு ஜாயின்டாக இருக்கட்டும். பின் நம்பரைச் சொல்லமாட்டார்கள், சரி, எழுதி ஒட்டிய கவரில் வைக்கச் சொல்லுங்கள்.

இப்போது சொந்தக்காரர்கள். உதவியவர்களை மறக்கவில்லை. ஆனால் ஐசியூ வாசலுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, "யாரோட போனா? அந்தப் பையன் யாரு?" என்று கேட்டவர்களையும் மறக்கவில்லை. ஒரு அத்தை "தலையில ஆபரேஷன்னு வெளிய சொல்லாத, நாளைக்கு வரன் பாக்கணும்" என்றார். வரன்! அவள் கண்ணே திறக்கவில்லை. இதைவிட மோசம், ஒருவர் குழாய்களோடு கிடக்கும் அவளை போட்டோ எடுத்து, உதவி கேட்டு வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். நல்ல எண்ணம்தான். ஆனால் மொட்டைத் தலையோடு, நினைவில்லாமல் கிடக்கும் 24 வயதுப் பெண்ணை ஊர் முழுக்கப் பார்க்க யார் அனுமதி கொடுத்தது? அவள் தேறி வந்த பிறகு அந்தப் படம் அவளுக்கே எங்கிருந்தோ வந்து சேர்ந்தது. ஐசியூவுக்குள் உங்கள் குடும்பத்தார் யாரும் போன் கொண்டுபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தினமும் ராத்திரி ஒரே ஒரு மெசேஜ், அதையும் என் தம்பி மகன் அனுப்புவான், மற்ற போன்களை எடுக்க மாட்டேன் என்று முடிவு செய்ததும்தான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

கார் ஓட்டிய பையன் கட்டுப் போட்ட கையோடு தினமும் சாயங்காலம் வருவான். நான் பேச மாட்டேன். அவன் அப்பா வந்து அழுதார், அப்போதும் பேசவில்லை. என் பிள்ளை இப்படிக் கிடக்கிறாள், அவன் நடக்கிறான் என்ற கோபம், அதை ஒளித்துச் சொல்லி என்ன ஆகப் போகிறது. பின்னால் இழப்பீட்டு வழக்கு என்று வந்தபோது அவனே பயந்துவிட்டான், தன் சம்பளத்திலிருந்து எடுப்பார்கள் என்று. அப்படி இல்லை. அவன் காருக்கு முழு பாலிசி இருந்தது, உள்ளே பயணம் செய்தவருக்கும் அதில் கவர் உண்டு. கட்டாயத்துக்கு எடுக்கும் வெறும் தேர்டு பார்ட்டி பாலிசியாக இருந்தால் சொந்தக் காரில் வந்தவருக்குக் கிடைத்திருக்காது. வழக்கு அவன் இன்சூரன்ஸ் கம்பெனி மேலும் லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனி மேலும். இரண்டு வண்டிக்கும் நடுவில் தப்பு யாருடையது என்பது அவர்கள் பாடு, பயணி யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையும் கேட்கலாம் என்றார் வக்கீல். பெல்ட் போடாததைச் சொல்லிக் குறைக்கப் பார்ப்பார்கள் என்றும் சொன்னார், பார்க்கிறார்கள்.

வக்கீல் விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். மருத்துவமனை வாசலிலேயே ஆட்கள் நிற்பார்கள், வெற்றுக் காகிதத்தில் கையெழுத்துக் கேட்பார்கள், வரும் பணத்தில் பங்கு பேசுவார்கள். விபத்து நடந்த ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்பார்கள், அது பொய். பாதிக்கப்பட்டவர் குடியிருக்கும் ஊர்த் தீர்ப்பாயத்திலேயே போடலாம். நாங்கள் கும்பகோணத்தில் போட்டோம். அதற்காக ரொம்பவும் தள்ளிப்போடாதீர்கள். 2022 ஏப்ரலிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அதை எதிர்த்துக் கோர்ட்டுகளில் வாதம் நடக்கிறது, ஆனால் அதை நம்பி நாம் ஏன் உட்கார வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைப்போம். எனக்கு அங்கேதான் ஆரம்பித்தது. மருத்துவமனையில் பத்துப் பேர் செய்த வேலையை வீட்டில் நான் ஒருத்தி. வாடகைக்கு ஆஸ்பத்திரிக் கட்டில், படுக்கைப் புண் வராமல் இருக்கக் காற்று மெத்தை, இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைப்பது. எலும்பு இல்லாத பக்கம் தலை சாயாமல் பார்க்க வேண்டும். அந்த இடம் குழிந்து, இருமும்போது உப்பும். தொட்டால் கைக்குள் துடிக்கும். மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றும்போது தலையை உயர்த்தி வைத்து, ஊற்றிய பிறகும் அரை மணி நேரம் அப்படியே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நுரையீரலுக்குள் போய்விடும். டிஸ்சார்ஜுக்கு முன் நர்ஸ் முன்னாலேயே ஒவ்வொன்றையும் நீங்களே செய்து காட்டிவிட்டு வாருங்கள், வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பீரியட்ஸ் வரும், அதையும் யாரும் சொல்லமாட்டார்கள். நாப்கினோடு தயாராக இருங்கள்.

பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்தால் ஒரு தடவைக்கு 600 ரூபாய். மாதக்கணக்கில் கட்ட முடியாது. பக்கத்தில் இருந்த சுகாதார நிலையத்து நர்ஸ்தான் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே இலவசமாகப் பிசியோ அனுப்புவார்கள் என்று சொன்னார். சர்க்கரை, பி.பி. மாத்திரை கொடுக்கும் திட்டம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். தினமும் வர மாட்டார்கள், ஆனால் வந்த பெண் எனக்கே பயிற்சிகளைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். இன்னும் தீவிரமான மறுவாழ்வுச் சிகிச்சை தேவைப்பட்டால் சென்னை கே.கே. நகரில் அரசு நிலையம், வேலூர் சி.எம்.சி.க்குப் பாகாயத்தில் தனி மையம், பெங்களூரு நிம்ஹான்ஸில் நரம்பியல் மறுவாழ்வுப் பிரிவு என்று இருக்கின்றன.

உடம்பைவிட மனசு. குழாய் எல்லாம் எடுத்துப் பேச ஆரம்பித்தபோது வாயில் வந்த முதல் வார்த்தைகள் கெட்ட வார்த்தைகள். என் மகள் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. தட்டை என் மேல் எறிந்தாள். ராத்திரி தூங்க மாட்டாள். அடிக்கடி "அப்பா எப்ப வருவாங்க" என்று கேட்பாள். முதலில் உண்மையைச் சொன்னேன், ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பது போல அழுதாள். அப்புறம் "வெளிய போயிருக்காங்கடா" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். பேய் பிடித்திருக்கிறது, மந்திரிக்க வேண்டும் என்றார்கள். நரம்பியல் டாக்டர் தெளிவாகச் சொன்னார்: மூளையின் முன்பகுதியில் அடிபட்டால் கோபத்தை அடக்கும் இடமே அடிபட்டிருக்கும், அவள் உங்களைத் திட்டவில்லை, காயம் பேசுகிறது, மாதங்கள் ஆகும், குறைந்துகொண்டே வரும். குறைந்தது. டி.வி. சத்தம், ஒரே நேரத்தில் இரண்டு பேர் பேசுவது, இதெல்லாம் அவளைத் தூண்டுகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தினோம். வலிப்பு மாத்திரையை மட்டும் நன்றாகத்தானே இருக்கிறாள் என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எங்கள் தெருவிலேயே அப்படி நிறுத்தி பாத்ரூமில் விழுந்தவர் உண்டு.

வேலை பற்றி ஒரு விஷயம். சம்பளமில்லா லீவில் இருந்தாள். மேனேஜர் ஒருவர் "எப்ப வருவாங்கன்னு தெரியலையே, ரிசைன் பண்ணிட்டு நல்லானதும் திரும்பச் சேரலாமே" என்று தன்மையாகத்தான் கேட்டார். அதே எச்.ஆர். பெண் தனியாகக் கூப்பிட்டு, "அம்மா, கையெழுத்துப் போட்டுடாதீங்க" என்றார். வேலையில் இருக்கும்வரைதான் இன்சூரன்ஸ். ஏப்ரலில் கம்பெனி பாலிசி புதுப்பிக்கும்போது 5 லட்சம் திரும்பப் புதிதாக வரும். எலும்பைத் திரும்ப வைக்கும் ஆபரேஷன் எப்படியும் சில மாதம் கழித்துத்தான், டாக்டரிடம் கேட்டு, தள்ளுவதில் ஆபத்தில்லை என்று அவர் சொன்னபிறகு, அதை மே மாதத்துக்கு வைத்துக்கொண்டோம். அந்த ஆபரேஷனுக்குக் கையிலிருந்து போனது சில்லறைச் செலவுதான்.

என்னைப் பற்றிச் சொல்வதென்றால், பி.பி. வந்துவிட்டது, பள்ளியில் சம்பளம் இல்லாமல் போன மாதங்கள் போனதுதான். ஒரு நாள் சமையலறையில் நின்றுகொண்டு, இவள் பிழைத்திருக்கவே வேண்டாமோ என்று ஒரு நொடி தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை, அந்த நரம்பியல் டாக்டரிடம் மட்டும் சொன்னேன். எல்லா அம்மாக்களும் ஒரு நாள் இதை என்னிடம் வந்து சொல்வார்கள் என்றார். வாரத்தில் ஒரு மதியம் பக்கத்து வீட்டு அக்கா அவளோடு இருப்பார்கள், நான் மகாமகக் குளக்கரையில் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவேன். அந்த ஒரு மதியத்துக்காகக் காசு கொடுத்து ஆள் வைக்க வேண்டியிருந்தாலும் வையுங்கள்.

இப்போது அவள் வீட்டிலிருந்து பாதி நேரம் வேலை பார்க்கிறாள். லேசாக விந்தி நடக்கிறாள், பெயர்கள் மறக்கின்றன, சாயங்காலம் ஆனால் களைத்துவிடுகிறாள். முடி தோள் வரை வந்துவிட்டது. அந்தப் பையன் எப்போதாவது வருவான், அவள்தான் பேசுவாள், நான் காபி போட்டுக் கொடுப்பேன், அவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். வழக்கு இன்னும் நடக்கிறது. அடுத்த மாதம் ஊனத்தின் அளவைச் சொல்ல மெடிக்கல் போர்டு. போர்டுக்குப் போகிறவர்கள் ரிப்போர்ட் நகலை மட்டும் எடுத்துப் போகாதீர்கள், ஸ்கேன் ஃபிலிமைக் கேட்பார்கள். மடிக்காமல், சுருட்டி ரப்பர் பேண்ட் போடாமல் வையுங்கள், வெயில் படும் அலமாரி மேலேயும் வேண்டாம். நினைவு, கவனம் இவற்றுக்கான பரிசோதனை ரிப்போர்ட் தனியாக வேண்டும். கால் ஊனத்தை மட்டும் பார்த்துச் சதவீதம் போட்டுவிட்டால் தலைக்குள் நடந்தது எதுவும் கணக்கில் வராது. அதை முன்கூட்டியே எழுதி மனுவாகக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் வக்கீல், நேற்று கொடுத்துவிட்டேன்.